உம்கூஸே போங்கள், ஜீப்புக்குக் காசு கொட்டாதீர்கள்

காட்டு விலங்குகளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள, தோளை ஒடிக்கும் லென்ஸ் வேண்டாம். ஆயிரக்கணக்கில் ராண்ட் கேட்கும் ஜீப் சஃபாரியும் வேண்டாம். ஒரு தண்ணீர்க் குட்டை, அதன் கரையில் மறைந்து உட்கார ஒரு குடில், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் பொறுமை, இவை போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாரக் கடைசியில் நான் நடத்தும் புகைப்பட வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் வகுப்பையே டர்பனுக்கு வடக்கே இருக்கும் உம்கூஸே வனவிலங்குக் காப்பகத்துக்கு அழைத்துப்போய்விட்டு வந்திருக்கிறேன். பையிலிருக்கும் தூசியைத் தட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வேன் விவகாரம். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பேசும்போது டீசல், டோல் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்றுதான் ஒத்துக்கொண்டார்கள். என்2 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் டோங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள். முதல் சாவடியிலேயே ஓட்டுநர் கையை நீட்டினார், “டோல் தனி.” சரி, கொடுத்துத் தொலைத்தோம். காப்பகத்தின் எம்ஷோபி வாசலுக்கு வந்ததும் அடுத்த குண்டு. உள்ளே மண் ரோடு, டயர் தேயும், கூடுதலாகக் கொடுத்தால்தான் வண்டி உள்ளே வரும் என்றார். சிங்கமும் யானையும் திரிகிற காட்டுக்குள் நடந்தா போக முடியும்? இது பச்சைக் கொள்ளை. சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த அக்கா இறங்கி, ஜூலு மொழியில் பிடிபிடியென்று பிடித்துக் கேட்ட தொகையைப் பாதியாக்கினார். அந்தப் பாதியும் அநியாயம்தான். வகுப்பில் பாதிப் பேர் மாதக் கடைசியில் பஸ் காசை எண்ணுகிறவர்கள்.

வழியில் கிடைத்த ஒரே ஆறுதல் டோங்காட்டில் சாப்பிட்ட மட்டன் ‘பன்னி சௌ’, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் எங்கள் ஊர்ப் பண்டம். காலையிலேயே மட்டனா என்று முகம் சுளித்த திருச்சித் தம்பி கடைசியில் தாளை வழித்துக்கொண்டிருந்தான். கால் ரொட்டியை நடுவில் குடைந்து, குழம்பை விளிம்புவரை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். அந்த மூடியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட சம்பல் என்ற பச்சடி. ஸ்பூன் கேட்காதீர்கள். எலும்போடு வெந்த கறி, ஒரு உருளைக்கிழங்கு, நாக்கைச் சுடும் மசாலா. ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய நம் ஆட்களையும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் வெட்ட வைத்த கரும்பு. எங்களோடு வந்த ஆயா (பாட்டி) வெருலத்துக்காரர். தன் தாத்தா வேலை செய்த பக்கம் எது என்று ஜன்னல் வழியே கை காட்டிக்கொண்டே வந்தார்.

உம்கூஸே 1912இல் அறிவிக்கப்பட்ட காப்பகம். இப்போது இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் ஒரு பகுதி. அந்தப் பூங்கா 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இங்கே நானூறுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் உண்டு. ஆனால் நான் போவது குமசிங்கா என்ற ஹைடுக்காக (மறைந்து உட்காரும் குடில்) மட்டும்தான். வேலி போட்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மறைப்புக் கட்டிய நடைபாதை வழியே போனால், தண்ணீருக்கு மேலேயே நிற்கும் குடிலுக்குள் நுழைந்துவிடலாம். உள்ளே பெஞ்சு, கண் உயரத்தில் திறப்புகள், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணத்தைக் கட்டினால் போதும், ஹைடுக்கென்று தனிக் காசு கிடையாது. பக்கத்திலேயே ஜிமாங்கா என்ற தனியார் காப்பகத்தில் படமெடுப்பதற்கென்றே அருமையாகக் கட்டிய ஹைடுகள் இருக்கின்றன. அந்த விலைக்கு நம் வகுப்பே ஒரு லென்ஸ் வாங்கிவிடலாம்.

ஜூலை மாதம் இங்கே வறண்ட குளிர்காலம். காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடும், எல்லாம் குட்டையைத் தேடி வந்தே ஆக வேண்டும். மழை பிடித்துவிட்டால் அவற்றுக்கு எங்கும் தண்ணீர், உங்களுக்கு வெறும் குட்டை. ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போய்விடுங்கள். இன்னொன்று, ஊர்ப் பழக்கத்தில் வெளிச்சத்தைக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் உச்சிச் சூரியன் சில மாதம் வடக்கே, பல மாதம் தெற்கே சாயும். உம்கூஸே மகர ரேகைக்கும் தெற்கே இருக்கிறது, நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கில்தான். எந்தத் திறப்பில் உட்காருவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் வடக்கு எது என்று பாருங்கள்.

முதலில் வந்தவை வரிக்குதிரைகள். ஒன்று தண்ணீர்வரை வந்து, மூக்கை நீட்டி, எதுவும் இல்லாததற்கே மிரண்டு ஓடும். மற்றவையும் ஓடும். திரும்ப வரும். முதல் குளம்பு தண்ணீரில் பட்டதுமே எல்லோரும் ஷட்டரைப் படபடவென்று அடித்தார்கள், கூட்டம் கலைந்துவிட்டது. நான் சொன்னது இதுதான்: ஒன்று மட்டும் குடிக்கும்போது ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், மூன்று நான்கு தலை குனிந்து உறிஞ்ச ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு படமாக எடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். ஆயா கேமரா எடுக்கவில்லை, பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். திருச்சித் தம்பி பெஞ்சில் நெளிந்தபோது, “தம்பி, அது வரும், நீ ஆடாம இரு” என்று ஒரு அதட்டல். வகுப்பில் நான் பேசியதைவிட அந்த அதட்டல் நன்றாக வேலை செய்தது.

அப்புறம் வந்ததுதான் நான் இன்னும் நினைத்து நினைத்துப் பூரிக்கிற காட்சி. இரண்டு ஆண் நியாலாக்கள். பெண் நியாலா செம்பழுப்பு, உடம்பில் வெள்ளைக் கோடுகள். ஆண் வேறு இனமோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு கருத்த சாம்பல் நிறம். தொண்டையிலிருந்து வயிறுவரை தொங்கும் சடை, முறுக்கிய கொம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் பளிச்சென்ற கால்கள். இரண்டும் ஒன்றையொன்று அளந்துகொண்டு, முதுகிலிருக்கும் வெள்ளை மயிரைச் சிலிர்த்து நிறுத்தி, ஒவ்வொரு காலையும் தூக்கி, காற்றில் நிறுத்தி, மெல்ல வைத்து நடந்தன. சண்டை இல்லை, மோதல் இல்லை, பக்கவாட்டில் காட்டிக்கொள்வதுதான் போட்டியே.

இதில் பாடம் இரண்டு. ஒன்று, விலங்கு என்றாலே ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வைக்கத் தேவையில்லை. பறக்கும் புறாவுக்கு அது வேண்டும். இந்த நடைக்கு 1/250 தாராளம், மிச்சமாகும் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைத்து சடையின் ஒவ்வொரு இழையையும் வாங்கலாம். இரண்டு, கருத்த உடம்பு சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (-2/3) இறக்கினால்தான் கருப்பு கருப்பாக இருக்கும், முதுகு மயிரின் வெள்ளையும் எரிந்துபோகாது. சாட்ஸ்வொர்த் அக்காவிடம் இருந்தது பழைய 70-300 லென்ஸ்தான். முக்காலிக்குப் பதில் பழைய ஜீன்ஸ் துணியில் ஆயா தைத்துக் கொடுத்த பை, உள்ளே ஒரு கிலோ சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் கொட்டை). திறப்பின் விளிம்பில் பையை வைத்து, லென்ஸை அதில் அழுத்தி எடுத்த படங்களில் ஆடல் என்பதே இல்லை. அன்று இரவு நாங்கள் தங்கிய மண்டுமா முகாமில் அந்த பீன்ஸ்தான் குழம்பு. முக்காலிக்குக் காசு செலவழிப்பவர்கள் இதை யோசியுங்கள்.

காண்டாமிருகம் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். எங்கே, எப்போது என்று சொல்ல மாட்டேன், நீங்களும் எங்கேயும் சொல்லாதீர்கள். 2023இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 499 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள், அதில் பெரும்பங்கு எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் நூறுகூட மிஞ்சவில்லை, மிஞ்சியவை பக்கத்து இம்ஃபோலோசி வனப்பகுதியில் இருந்தவை. அங்கிருந்துதான் 1960களில் வனப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவரோடு இருந்தவர்களும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்ற இடங்களுக்கு அனுப்பி அந்த இனத்தையே பெருக்கினார்கள். அப்படிக் காப்பாற்றியதை நம் ஃபோனில் ஓடும் ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கக் கூடாது. வாசலுக்குள் நுழையும் முன்பே எல்லோர் ஃபோனையும் கேமராவையும் வாங்கி இடக்குறிப்பை அணைத்தேன். இதைச் சொல்லித்தராத ஆசிரியரிடம் வனப் படக்கலை கற்காதீர்கள்.

செலவு என்று பார்த்தால் தங்கலும் வேனும்தான் பெரிது. முகாமில் சமையலறை உண்டு, அரிசி பருப்பு கொண்டுபோனால் சாப்பாட்டுச் செலவு ஒன்றுமே இல்லை. குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். மலேரியா உள்ள பகுதி, கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். வாசல் மூடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

செப்டம்பரில் மறுபடி போகிறோம். இந்த முறை வேன் கிடையாது, அக்காவின் காரும் தம்பியின் காரும், பெட்ரோலை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். வேன்தான் பிடிப்பேன் என்பவர்கள் டோல், மண் ரோடு இரண்டையும் காகிதத்தில் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.