எடை பூஜ்யமான மல்லிகை

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குப் பல வருஷம் முன்னால் சி மொழியில் பில் நிரல் எழுதிக் கொடுத்தேன். இப்போது அதை ரஸ்ட் என்ற இன்னொரு நிரல் மொழிக்கு மாற்றுகிறேன். எடையைப் படிக்கும் பகுதிக்கு மட்டும் இரண்டு வாரம் போய்விட்டது.

எடை எழுத்துச் சரமாகத்தான் வரும். சியில் 'ஏ-டு-எஃப்' என்ற கட்டளை அதை எண்ணாக்கும். '12.500கி' என்று தட்டினாலும் எண் முடியும் இடத்தில் நின்று 12.5 தரும். முன்னால் இடைவெளி இருந்தால் தாண்டிவிடும். ரஸ்டில் அதே வேலையைச் செய்யும் 'பார்ஸ்' இரண்டையும் பிழை என்று திருப்பும். முதலில் எரிச்சலாக இருந்தது. வாலை வெட்டி, இடைவெளியை நீக்கும் 'ட்ரிம்' போட்டு, பழையபடியே நடக்க வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சரி, தட்டியதை அப்படியே சேமித்த பழைய கோப்புகளை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு மார்கழி மாத வரியில் '1.750'க்குப் பதில் ஒன்று இருக்கும் இடத்தில் ஆங்கிலச் சின்ன 'எல்'. ரஸ்ட் பிழை என்றது. சி 0 என்றது. 'ஏ-டு-எஃப்'புக்குப் பிழை சொல்லவே வழி கிடையாது. எண் இல்லாவிட்டாலும் பூஜ்யம், நிஜமான '0' என்றாலும் பூஜ்யம். வரத்து குறைந்து விலை ஏறி நிற்கும் மாதத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் ஒன்றே முக்கால் கிலோ மல்லிகை கணக்கில் இல்லாமல் போயிருக்கிறது. கடைக்காரர் கைநோட்டைப் புரட்டி, அன்று சாயங்காலமே திருத்திப் பணம் கொடுத்ததைக் காட்டினார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

சியிலேயே 'ஸ்டர்-டு-டி' இருக்கிறது. எந்த எழுத்தில் நின்றது என்று அது சொல்லும். அன்று அதைப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது எடையைத் தசம எண்ணாகவே படிப்பதில்லை. புள்ளிக்கு முன் இலக்கங்கள், பின் அதிகபட்சம் மூன்று. கிராமில் முழு எண்ணாக வைக்கிறேன். கடைசியில் 'கி', 'கிலோ' மட்டும் அனுமதி. வேறு எது வந்தாலும் திரை நின்று மறுபடி கேட்கும். பிழை வந்தால் பூஜ்யம் என்று வைக்கும் 'அன்ராப்-ஆர்' இந்தப் பகுதியில் ஓரிடத்திலும் இல்லை.

இன்னொன்று. பைத்தான் என்ற மொழியில் எழுத்தை முழு எண்ணாக்கும் 'இன்ட்', '௧௨' என்று கொடுத்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும். ரஸ்ட் எடுக்காது. கடையில் யாரும் தமிழ் எண்ணில் தட்டுவதில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ௦ முதல் ௯ வரை பத்தே வரிதான், சேர்த்துவிட்டேன்.