காயம் ஆறும்போது நகரும் கலங்கள்: வாங்கிகளைப் படிக்க ஒரு வழி

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிற ஜூனியர்மார் நோயியல் பரீட்சை நெருங்கும்போது கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: காயம் ஆறும்போது கலங்கள் (செல்கள்) நகர உதவுகிற இத்தனை வாங்கிகளையும், அதாவது கலத்தின் மேற்பரப்பில் செய்தியையோ பிடிமானத்தையோ ஏற்கும் புரதங்களையும், எப்படி ஞாபகம் வைப்பது? குப்பியில், அதாவது சீனியர்மார் ஜூனியர்மாருக்கு நடத்தும் வகுப்பில், சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன். எல்லாவற்றையும் பாடமாக்கத் தேவையில்லை. கலத்துக்குப் பிடிமானம் தரும் இன்டெக்ரின் என்ற வாங்கியில் மட்டும் மனிதருக்கு 24 வகை, 18 அல்பா அலகும் 8 பீட்டா அலகும் சோடி சேர்ந்து வருவது. அதை அட்டவணையாக விழுங்கினவர்கள் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) "ஏன்?" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு கலத்தை எடுங்கள். எந்தப் பக்கம் போவதென்று அதற்கு எது சொல்கிறது, எதைப் பற்றிக்கொண்டு போகிறது, இந்த இரண்டையும் மட்டும் கேளுங்கள். திசை சொல்லும் வாங்கி வேறு, பிடிமானம் தரும் வாங்கி வேறு.

கிருமியோடு போராடும் வெண்குருதிக் கலமான நியூட்ரோபிலில் தொடங்குவது நல்லது, கேள்வி அதிலிருந்துதான் கூட வரும். கலங்களை அழைக்கும் கீமோகைன்களில் ஒன்றான இன்டர்லியூக்கின்-8ஐ உணர சி.எக்ஸ்.சி.ஆர்.1, 2, பக்டீரியாவின் ஃபோர்மைல் பெப்டைட்டுக்கு எஃப்.பி.ஆர்.1; நிரப்பித் தொகுதியின் (complement) சி5ஏக்கு ஒன்று, லியூக்கோட்ரையீன் பி4க்கு ஒன்று. எல்லாமே ஜி-புரதத்தோடு இணைந்த வாங்கிகள், ஆகவே ஒன்றின் பாதையை ஒழுங்காகப் படித்தால் மற்றவற்றுக்கும் அதுவே போதும்: பிஐ3 கைனேசு என்ற நொதி, முன்பக்கத்தில் ராக் என்ற புரதம் அக்டின் இழைகளைத் தள்ளும், பின்பக்கத்தில் ரோ என்ற புரதம் மயோசினைச் சுருக்கும். பிடிமானம் என்று பார்த்தால், குருதிக்கலன் சுவரில் முதலில் செலெக்டின்கள் என்ற ஒட்டும் மூலக்கூறுகளால் உருண்டு, பிறகு எல்.எஃப்.ஏ-1, மாக்-1 என்ற இன்டெக்ரின்கள் சுவரிலுள்ள ஐகாம்-1 புரதத்தை இறுகப் பற்றும். அந்த இன்டெக்ரின்கள் சும்மா இருக்கும்போது மடங்கித்தான் இருக்கும், கீமோகைன் வாங்கிக்கு வந்த செய்திதான் உள்ளிருந்து அவற்றை நிமிர்த்திவிடுகிறது. இந்த ஒரு வசனம் விடையில் இருந்தால் நீங்கள் விளங்கிப் படித்தது பார்க்கிறவருக்குத் தெரியும்.

இதை மனதில் பதிக்க ஒரு நோயைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெண்குருதிக் கல ஒட்டற் குறைபாடு (leukocyte adhesion deficiency), முதலாம் வகை. பீட்டா-2 அலகு பழுது, அதனால் எல்.எஃப்.ஏ-1ம் இல்லை, மாக்-1ம் இல்லை. தொப்புள்கொடி விழப் பிந்தும், குருதியில் நியூட்ரோபில் எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் புண்ணில் சீழ் கட்டாது. குழந்தை மருத்துவத்திலும் இது திரும்ப வரும்.

அப்புறம் தோலின் மேற்படைக் கலமான கெரட்டினோசைட். இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள், எனக்கென்றால் இதுதான் அழகான பகுதி. சாதாரண தோலில் அல்பா6பீட்டா4 இன்டெக்ரின் ஹெமிடெஸ்மசோம் என்ற இணைப்பு வழியாகக் கலத்தை அடியிலுள்ள லமினின்-332 புரதத்தில் பூட்டி வைத்திருக்கிறது. காயம் பட்டால் அந்தப் பூட்டு கழறவேண்டும், இல்லையென்றால் கலம் அசையாது. அதே நேரம் காயத்தில் உருவாகும் தற்காலிகத் தளத்தில் உள்ள ஃபைப்ரோனெக்டின் புரதத்தைப் பற்ற அல்பா5பீட்டா1, அல்பாவீபீட்டா6 கூடும், கொலாஜனுக்கு அல்பா2பீட்டா1. ஆக, நகர்வுக்குப் பிடிப்பதும் வேண்டும், விடுவதும் வேண்டும். தூண்டுவது ஈ.ஜி.எஃப். (மேற்றோல் வளர்ச்சிக் காரணி) வாங்கி, அது டைரோசின் கைனேசு வகை.

கிருமியை விழுங்கும் மக்ரோபேஜுக்கு சி.சி.ஆர்.2, குருதிக்கலன் முளைக்க வீ.ஈ.ஜி.எஃப்.ஆர்.2, அவ்வளவும் போதும். கொலாஜன் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்டுக்கு பி.டி.ஜி.எஃப். (குருதிச்சிறுதட்டு வளர்ச்சிக் காரணி) வாங்கி, இதற்கு வார்டில் உதாரணம் தேடத் தேவையில்லை, சீனி வருத்தத்தில் கால் புண்ணோடு வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் புண்ணுக்கென்றே பி.டி.ஜி.எஃப்.-பிபியை ஜெல்லாக்கி, பெகாப்லெர்மின் என்ற பெயரில், 1997இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

செய்முறைக் கேள்வியில் ஒரு பொறி உண்டு. கலப்படையில் கீறி இடைவெளி மூடுவதைப் பார்க்கும் சோதனை நகர்வைக் காட்டும், கீமோடாக்சிஸை, அதாவது இரசாயனச் செய்தியின் திசையில் போவதை, காட்டாது, ஏனென்றால் அங்கே யாரும் செறிவுப் படித்திறன் (ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய) வைக்கவில்லை. அதோடு கலங்கள் பெருகியும் இடைவெளி மூடலாம், அதைத் தடுக்கத்தான் கலப்பிரிவை நிறுத்தும் மைட்டோமைசின் சி போடுவது. திசையை நிரூபிக்க 1962இல் பொய்டன் அமைத்த, நுண்துளைச் சவ்வால் பிரித்த இரட்டை அறை வேண்டும். அதிலும் இரண்டு பக்கமும் ஒரே செறிவு வைத்து ஒரு கட்டுப்பாடு போடவேண்டும். அப்போதும் அதே அளவு கலங்கள் கடந்தால் அது கீமோகைனிசிஸ், திசையில்லாத வெறும் பரபரப்பு.