மைக்ரோசோம் போட மறந்த வாரம்

மார்ச் 4

இன்று ஒரு முட்டாள்தனம். புரோலாக்டின் என்ற ஹார்மோன் புரதத்தைச் செய்ய மூன்று குழாய்: புரதம் செய்யும் கருவிகள் உள்ள முயல் ரத்த அணுச் சாறு, எம்ஆர்என்ஏ (புரதத்தின் செய்முறைக் குறிப்பு), கதிரியக்க மெத்தியோனின் (புரதத்தை ஃபிலிமில் தெரியவைக்கும் அமினோ அமிலம்) எல்லாம் சரியாகப் போட்டேன். முதல் குழாயில் வேண்டுமென்றே மைக்ரோசோம் கிடையாது. மற்ற இரண்டிலும் நாய்க் கணையத்து மைக்ரோசோம், அதாவது செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலை உடையும்போது உருவாகும் குட்டிப் பைகள், போக வேண்டும். மூன்றாவதில் மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஐஸ் டப்பாவில் மிச்சம் இருப்பதைப் பார்த்து, சரி இப்போது போட்டால்தான் என்ன என்று ஊற்றி, புரதங்களை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டினேன்.

மார்ச் 5

ஃபிலிம் கழுவியாயிற்று. இரண்டாவது குழாயில் பேண்ட், அதாவது புரதம் நிற்கும் கோடு, முதல் குழாயைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஒரு நகக்கண் அளவு; சங்கிலி குட்டையானால் கீழே போகும். தலைப்பக்கம் இருந்த 30 அமினோ அமிலம் வெட்டுப்பட்டு 229 என்பது 199 ஆகியிருக்கிறது. புரதத்தைத் தின்னும் நொதியான புரோட்டினேஸ் கே போட்டும் அது அசையவில்லை, பைக்குள் பத்திரம். டிட்டர்ஜென்ட் ஊற்றிப் பையைக் கரைத்ததும் போச்சு.

மூன்றாவதிலோ நீளம் குறையவே இல்லை, டிட்டர்ஜென்ட் இல்லாமலேயே புரோட்டினேஸ் மொத்தத்தையும் தின்றுவிட்டது. புரதமும் இருந்தது, பையும் இருந்தது, உள்ளே போகவில்லை.

மார்ச் 6

சீனியர் அக்காவிடம் காட்டினேன். "தம்பி, 1975லேயே ப்ளோபெல், டாபர்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் ஆன்டிபாடியின் சிறிய சங்கிலியை வைத்து வேண்டுமென்றே செய்ததை நீ மறதியில் செய்திருக்கிறாய்" என்று சிரித்தார்.

பாடப்புத்தகத்தில் ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள், அதுதான் கடுப்பு. உண்மையில் சங்கிலியின் தலைப்பகுதி, புரதம் பின்னும் ரைபோசோமை விட்டு வெளியே எட்டிப் பார்த்ததுமே எஸ்ஆர்பி என்ற வழிகாட்டித் துகள் வந்து பிடித்து, வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, ரைபோசோமோடு சேர்த்துச் சவ்விலுள்ள ஏற்பியிடம் ஒப்படைக்கிறது. அப்புறம் ரைபோசோம் செக்61 என்ற சவ்வு வாசலில் உட்கார்ந்து பின்னப் பின்ன, நூல் ஊசிக்காதில் நுழைவது போலச் சங்கிலி உள்ளே போகிறது. 2004இல் வந்த, இதன் உறவுக்கார ஆர்க்கியா வாசலின் கட்டமைப்பைப் பார்த்தால் நடுவில் அவ்வளவு குறுகல், மூடியிருக்கும்போது ஒரு அடைப்பான் வேறு. முழுதாகச் செய்து மடித்த புரதத்தைக் கொண்டுபோய் அங்கே நீட்டினால் எப்படி நுழையும்?

மார்ச் 7

ஈஸ்ட்டில் ஆல்ஃபா காரணி என்ற புரதம், செய்து முடித்த பிறகும் உள்ளே போகிறதாம்! மடியவிடாமல் சாப்பரோன்கள் என்ற உதவிப் புரதங்கள் தாங்குகின்றன, உள்ளிருந்து பிஐபி என்ற இன்னொரு சாப்பரோன் பிடித்து, சங்கிலி பின்னால் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் என் மூன்றாவது குழாயைத் தாமதம் என்று மட்டும் திட்ட முடியாது. திங்கட்கிழமை மைக்ரோசோமை 5, 10, 20 நிமிடம் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்க்கப்போகிறேன், இந்த முறை தெரிந்தே.