வால்வு மாத்திரையும் கீரைக் கட்டும்

இதய வால்வு மாற்றி வீடு திரும்புகிறவருக்கு மருத்துவமனையில் பத்து அறிவுரை சொல்லி அனுப்புவார்கள். தெருவில் பரவுவது ஒன்றே ஒன்றுதான்: ‘கீரையைத் தொடவே கூடாது.’ அன்றோடு அந்த வீட்டில் கீரைக்காரம்மாவைக் கூப்பிடுவது நின்றுபோகும். ரசத்தில் கொத்தமல்லி போடவும் பயப்படுவார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆஸ்பத்திரி வரிசைகளில் காதில் விழும் பேச்சில் பாதி இதுதான். இந்தப் பயம் நோயாளியைக் காப்பாற்றவில்லை. பல பேருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) நிலையில்லாமல் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கீரை சாப்பிடலாம். வாரம் எவ்வளவு என்று ஒரு அளவு வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் சாப்பிட வேண்டும். அந்த அளவுக்குத் தக்கபடி மருத்துவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை (அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்) வைப்பார்.

ஏன் என்று தெரிந்தால்தான் இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்க முடியும். ரத்தம் உறைவதற்கான காரணிகளில் நான்கை (2, 7, 9, 10) கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு புதுப்பித்துத் திரும்பவும் பயன்படுத்தும். அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் அந்தப் புதுப்பிக்கும் வேலையைத் தடுக்கின்றன. உலோக, கார்பன் வால்வின் மேல் ரத்தக்கட்டி உட்காராமல் இருப்பது இதனால்தான். சாப்பாட்டில் வைட்டமின் கே கூடினால் மாத்திரையின் பிடி தளரும், ஐ.என்.ஆர். இறங்கும், கட்டி சேரும் ஆபத்து. குறைந்தால் பிடி இறுகும், ஐ.என்.ஆர். ஏறும், ரத்தக்கசிவு ஆபத்து.

இதில் பலர் கவனிக்காத சங்கதி, உடம்பில் இருக்கும் இருப்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு விழுந்தால் வாயில் வைக்க முடியாது. அதே கரண்டி ஒரு குடத்தில் விழுந்தால் தெரியாது. மாதக்கணக்கில் கீரையே தொடாதவர் டம்ளர் நிலையில் இருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி கீரைக் கூட்டு சாப்பிட்டாலும் அவருக்கு ஐ.என்.ஆர். சட்டென்று இறங்கும். இரண்டு நாள் சாப்பாடு இறங்காவிட்டால் ஏறும். வாரா வாரம் ஒரே அளவில் கீரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஆட்டம் குறைவு.

உங்கள் இலக்கு எண் எது என்பதை டிஸ்சார்ஜ் தாளில் பார்த்துக் குறித்து வையுங்கள். அயோர்டிக் இடத்தில் (இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசல்) இப்போதைய உலோக, கார்பன் வால்வு, வேறு சிக்கல் இல்லை என்றால் பொதுவாக 2.0 முதல் 3.0 வரை. மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) 2.5 முதல் 3.5 வரை. உலோகமில்லாத திசு வால்வு வைத்தவர்களுக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதம்தான். இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் நீளும். பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்கும் ரத்தம் உறையாம இருக்கத்தான் மாத்திரை, ஆனா கீரைக் கட்டுப்பாடே இல்லையே’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அவர் எடுப்பது டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புது மருந்தாக இருக்கும். உலோக வால்வுக்கு அவை ஆகாது. டாபிகாட்ரானை வைத்து நடந்த ஆய்வு 2012-லும், அபிக்சபானை வைத்து நடந்தது 2022-லும் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. வால்வு வைத்தவர்களில் அந்த மருந்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டித் தொல்லை கூடியதே காரணம். மாற்றித் தரச் சொல்லி மருந்துக்கடையில் கேட்கவே கேட்காதீர்கள்.

சரி, எந்த உணவில் எவ்வளவு? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 90 முதல் 120 மைக்ரோகிராம் வைட்டமின் கே போதும் என்பது அமெரிக்க அளவீடு. பச்சையாக 100 கிராம் எடுத்தால் முளைக்கீரை, தண்டுக்கீரை குடும்பத்தில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. பாலக்கில் சுமார் 480, கொத்தமல்லித் தழையில் சுமார் 310. முட்டைக்கோஸ் 76, பீன்ஸ் 43, வெண்டைக்காய் 31 என்று இறங்கிவிடும். கத்திரிக்காய், பூசணி, உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெங்காயம், வாழைப்பழம், சோறு இவற்றுக்குக் கணக்கே வேண்டாம். முள்ளங்கியைச் சாம்பாரில் போடுங்கள். அதன் கீரையைப் பொரியல் செய்தால் அது கீரைக் கணக்கு. முருங்கைக்காயும் முருங்கைக்கீரையும் அப்படித்தான். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரியில் 100 கிராமுக்கு 34 மைக்ரோகிராம்தான். ஒரு கைப்பிடி தின்றால் பத்துகூடத் தேறாது. மீனைப் பற்றிக் கவலையே வேண்டாம். துறைமுகத்திலிருந்து வரும் சங்கராவோ மத்தியோ நெத்திலியோ, குழம்பாக எத்தனை நாள் வைத்தாலும் ஐ.என்.ஆருக்கு அதனால் தொந்தரவில்லை.

ரசத்தின் மேல் தூவும் கொத்தமல்லி இரண்டு மூன்று கிராம். பத்து மைக்ரோகிராமுக்குள் அடங்கும். அதைத் தாராளமாகப் போடுங்கள். அதே தழையை ஒரு கட்டு அரைத்துத் துவையலாக்கினால் கதையே வேறு. கறிவேப்பிலையைத் தாளித்து ஒதுக்கி வைப்பதும் கறிவேப்பிலைப் பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதும் ஒன்றாகாது. காய்ந்த இலையில் சத்து செறிந்திருக்கும். முருங்கைக்கீரைப் பொடி, கோதுமைப்புல் பொடி, காலையில் நடக்கப் போகும் இடங்களில் கப்பில் விற்கும் அருகம்புல் சாறு, இவற்றைத்தான் உண்மையில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் செறிவு மாறும், அளக்க வழியே கிடையாது. சத்து மாவு, புரதப் பவுடர், மல்டிவைட்டமின் மாத்திரை எதுவானாலும் டப்பாவின் பின்பக்கம் ‘வைட்டமின் கே’ வரியைத் தேடிப் பாருங்கள். பல தயாரிப்புகளில் இருக்கும். ஏற்கெனவே குடித்து வந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கீரையை வேகவைத்து தண்ணீரைக் கொட்டினால் சத்து போய்விடும், பிறகு பயமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. வெந்நீரில் இறங்காது, சமையல் சூட்டில் பெரிதாக அழியாது. எண்ணெய் விட்டு வதக்கினால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். இதே காரணத்தால் டீ குடிப்பதில் பிரச்சினை இல்லை. இலையில் இருப்பது வடிநீருக்கு வருவதில்லை.

அளவை எப்படிக் கட்டுவது? கட்டுக் கணக்கு உதவாது. உழவர் சந்தைக் கட்டு ஒரு பருமன், வாசலுக்கு வருகிற கட்டு ஒரு பருமன். வீட்டில் ஒரே ஒரு குழம்புக் கரண்டியை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். வெந்த கீரை அதில் 50 கிராம் பிடிக்கிறதா, 70 பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வாரம் மூன்று நாள், ஒரு கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். திங்கள், புதன், வெள்ளி என்று நாளையும் நிலையாக்கினால் சமைப்பவருக்கும் மறக்காது. கூட்டுக்கும் பொரியலுக்கும் வித்தியாசம் பாருங்கள்: பருப்பு கலந்த கூட்டில் ஒரு கரண்டிக்குப் பாதிதான் கீரை, தேங்காய்த் துருவல் மட்டும் போட்ட பொரியலில் முக்கால் பங்குக்கு மேல் கீரை. கூட்டு என்றால் இரண்டு கரண்டி, பொரியல் என்றால் ஒன்று. இந்த அளவைத் தொடங்கும் வாரத்தில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள். கீரையே வேண்டாம் என்று இதுவரை இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

எண்ணெயும் கணக்கில் வரும். கடலை எண்ணெயில் வைட்டமின் கே மிகக் குறைவு, சூரியகாந்தியில் சற்றுக் கூடுதல், நல்லெண்ணெய் அதற்கும் மேலே. சோயா எண்ணெயில் 100 கிராமுக்கு 180-ஐத் தாண்டும். விலை குறைவென்று வீட்டு எண்ணெயை மாற்றுகிற மாதம் ஒரு பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் வருஷத்தின் ஓட்டமே சாப்பாட்டை மாற்றிவிடும். இதை எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் அச்சடித்துத் தர மாட்டார்கள், ஆனால் எண் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும்; கடற்கரை ஊர்களில் தட்டில் மீன் குறைந்து காய், கீரை கூடும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. ஒவ்வொரு கோவிலாக, ஒவ்வொரு ஞாயிறாக வரும். துவாதசிக்கும் அமாவாசைக்கும் அகத்திக்கீரை. புரட்டாசியில் அசைவம் நின்று முட்டைக்கோஸ் பொரியலும் கீரையும் பெருகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரைப் பாத்தி முழுக அழுகிப்போய், இரண்டு வாரம் சந்தையில் கீரையே இருக்காது, அப்போது ஐ.என்.ஆர். ஏறும். கூழுக்குக் கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாரத்துக் கரண்டிக் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டு வீட்டுக் கீரையைக் குறையுங்கள். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருப்பதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை நேரமும் மாறும், சாப்பிடும் அளவும் குறையும். இரண்டும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும்.

மாம்பழம் நாள்தோறும் தின்றவர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறியதை மருத்துவ இதழ்களில் பதிந்திருக்கிறார்கள். சீசனில் ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். இஞ்சி, பூண்டு, மஞ்சள் சமையல் அளவில் இருந்தால் சரி. மாத்திரையாகவோ கஷாயமாகவோ வேண்டாம்.

குடிப்பழக்கத்தைப் பற்றி ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும், குறிப்பாகப் புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்கு. ஒரே நாளில் நிறையக் குடித்தால் ஐ.என்.ஆர். ஏறும். தினமும் குடித்தால் கல்லீரல் மருந்தை வேகமாகக் கரைத்து எண்ணை இறக்கும். கல்லீரல் கெட்ட பிறகு மறுபடி ஏறும். தடுமாறி விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே கசியும். இந்த மாத்திரையோடு மது வேண்டாம் என்பதே பாதுகாப்பு.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சாப்பாடு பிடிக்காமை, இவை கீரையைவிட வேகமாக எண்ணை ஏற்றும். அதற்குத் தரும் மருந்தும் சேர்ந்து ஏற்றும்: மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் மூன்றும் பேர் போனவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். புது மருந்து எதைத் தொடங்கினாலும் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பரிசோதனை வேண்டும். வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் ஆகாது; பாராசிட்டமால் சரி, ஆனால் நாள் கணக்கில் தினம் 2 கிராமுக்கு மேல் போனால் அதுவும் ஏற்றும். மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவா என்று உடனே பார்க்க வேண்டும். டெங்குவில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறையும்போது இந்த மாத்திரையும் உள்ளே இருப்பது பெரிய ஆபத்து. பப்பாளி இலைச் சாற்றை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

மாத்திரையை மாலையில், ஒரே நேரத்தில் போடுங்கள். காலையில் ரத்தம் கொடுத்தால் அன்று மாலையே டோஸை மாற்ற முடியும். மறந்தது அதே நாளில் நினைவுக்கு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராமில் கிடைக்கிறது. ஒருநாள் 2, மறுநாள் 3 என்று எழுதிக் கொடுத்திருந்தால் காலண்டரில் அந்தந்தத் தேதியில் எழுதி, போட்டதும் அடித்துவிடுங்கள். பரிசோதனை எப்போதும் ஒரே லேபில். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்புகிறதா என்று பாருங்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (குழாயில் ரத்தம் உறையாமல் வைக்கும் திரவம்) என்பது கணக்கு. பாதியில் நிறுத்தினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் வால்வுக்குக் கேடு.

எண் 5, 6 என்று வந்தால் கீரையை அள்ளித் தின்று இறக்கப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் வைட்டமின் கே ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டாம். பெரிய அளவில் போட்டால் அதன்பின் பல நாள் மாத்திரை வேலை செய்யாது. அந்த இடைவெளியில் வால்வில் கட்டி சேரும். கசிவு இல்லையென்றால் மருத்துவர் ஓரிரு டோஸை நிறுத்திப் பார்ப்பார். அந்த முடிவு அவருடையது. தார் போன்ற கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், திடீர்த் தலைவலி, தலையில் அடி, இவற்றுக்கு நேரே அவசரப் பிரிவு. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவப்பாக்கும். இருந்தாலும் சந்தேகத்தில் வீட்டில் உட்காராதீர்கள். வால்வின் டிக் டிக் சத்தம் மங்கினாலும், மூச்சு வாங்கினாலும், வாய் குழறினாலும், ஒரு கை மரத்தாலும் அது எதிர்ப்பக்கத்து ஆபத்து, அதாவது ரத்தக்கட்டி. நேரம் கடத்தக் கூடாது.

வைட்டமின் கே தவிர வேறு சில எச்சரிக்கைகள். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு உப்பு நீரைத் தேக்கும், ஆகவே கருவாடு, அப்பளம், ஊறுகாயைக் குறைக்கச் சொல்வார்கள். இளநீரில் வைட்டமின் கே இல்லை, ஆனால் பொட்டாசியம் நிறைய. நீர் பிரிய ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் மாத்திரை) எடுப்பவர் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காமல் முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்; இந்த மாத்திரை முதல் மூன்று மாதத்தில் சிசுவைப் பாதிக்கும்.

2011 டிசம்பர் இறுதியில் ‘தானே’ புயலிலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலிலும் நம் பக்கத்தில் நாள்கணக்கில் மின்சாரமும் சாலையும் இல்லாமல் போனது. அக்டோபர் பிறந்ததும் மூன்று வார மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில், கடைசி ஐ.என்.ஆர். சீட்டோடு, தரையிலிருந்து உயரமாக எடுத்து வையுங்கள். முகாமில் கிச்சடியும் ரொட்டியுமாகச் சில நாள் ஓடினால், திரும்பி வந்த முதல் வேலை நாளிலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.