வேளச்சேரி மெயின் ரோடு எங்கே முடிகிறது?

2022ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்குள் வேறு வீட்டுக்கு மாறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நானும் என் மனைவியும் வேளச்சேரியில் வாடகை வீடு தேடத் தொடங்கினோம். அவருடைய அலுவலகம் தரமணியில் இருந்தது. எனக்குப் பறக்கும் ரயில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். இரண்டு படுக்கையறை, மாத வாடகை பதினைந்தாயிரத்துக்குள் என்று நாங்கள் சொன்னதும், தரகர் எங்களைச் சற்றே இரக்கத்துடன் பார்த்துவிட்டு, "வேளச்சேரியிலேயே இருக்கு சார், பின்னாடியே வாங்க" என்று தம்முடைய ஸ்கூட்டரை உதைத்தார்.

விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து அவரைப் பின்தொடர்ந்தோம். வேளச்சேரியின் எல்லையான கைவேலி வந்தது, போனது. சதுப்பு நிலத்துக் காற்று முகத்தில் அடித்தது. அதற்கு மேலும் பொறுக்க மாட்டாமல், வண்டியை அவருக்கு இணையாக ஓட்டிச் சென்று நிறுத்தச் சொல்லி, "இது பள்ளிக்கரணை அல்லவா?" என்று கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. எதிரிலிருந்த டயர் கடையின் பெயர்ப் பலகையைச் சுட்டிக்காட்டினார். அதில் 'வேளச்சேரி மெயின் ரோடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அடுத்த வரியில் 'பள்ளிக்கரணை, சென்னை 600100' என்று இருந்ததை அவரும் படிக்கவில்லை, நானும் மரியாதை கருதிப் படித்துக் காட்டவில்லை.

அந்தப் பலகைதான் அவருடைய தொழிலின் முதலீடு என்பது பிறகே எனக்கு விளங்கியது. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்குச் செல்லும் அந்தச் சாலையைப் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரி மெயின் ரோடு என்கிறார்கள், மேடவாக்கத்திலும் அப்படியே சொல்கிறார்கள், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலும் கடைக்காரர்கள் கூசாமல் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆகவே, தரகர் மனம் வைத்தால் தாம்பரத்துக்கு முந்தைய பேருந்து நிறுத்தம் வரையில் வேளச்சேரியை ஒரே இழுப்பில் நீட்டிவிட முடியும். அன்று அவர் எங்கள் மேல் கருணை வைத்து, வெள்ளக்கல் நிறுத்தம் தாண்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

வீடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கிணறு, வேப்பமரம், துணி காயப்போட மொட்டை மாடி, பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை. "இது வேளச்சேரிதானே?" என்று தரகர் முன்னிலையிலேயே உரிமையாளரிடம் கேட்டேன். அந்தப் பெரியவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலும். "வேளச்சேரியா? இது மேடவாக்கம் பஞ்சாயத்து தம்பி" என்றார். தரகர் அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

முகவரிச் சான்றுகளை மாற்றும் வேலையில் இறங்கியபோதுதான், தரகரைப் போலவே ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது என்பது தெரிந்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பேரூராட்சியாக இருந்த பள்ளிக்கரணை உள்ளே போய்விட்டது. அதை ஒட்டியிருக்கும் மேடவாக்கம் ஊராட்சியாகவே வெளியில் நின்றுவிட்டது. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லையையும் மாநகராட்சியின் அளவுக்கு விரித்தார்கள். அப்போதும் மேடவாக்கத்துக்கு அழைப்பு வரவில்லை. அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்ததும் அங்கே போயிற்று. அஞ்சல் துறைக்கோ இந்தப் பிரிவினையில் நம்பிக்கையே இல்லை: இரண்டு ஊருக்கும் ஒரே 600100தான். தேர்தலில் இரண்டும் சோழிங்கநல்லூர் தொகுதி. அந்தத் தொகுதி தென்சென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. காவல்துறையைக் கேட்டால் 2022 முதல் தாம்பரம் ஆணையரகம் என்கிறார்கள். ஆக, நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் தூங்கி எழுந்து, தென்சென்னைக்கு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, வண்டி திருடு போனால் தாம்பரத்தாரிடம் முறையிட்டு, வீட்டு வரியை ஊராட்சிக்குக் கட்டும் மனிதன் ஆனேன். வேளச்சேரிவாசி என்று என்னை அழைக்க அந்தத் தரகரைத் தவிர வேறு யாரும் முன்வரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. பறக்கும் ரயிலில் பெருங்குடி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கியவர், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் பெருங்குடிக்குப் போக மறுபடியும் ஆட்டோ பிடிக்க வேண்டும். எல்லைகளை அணுவளவும் பிசகாமல் அறிந்தவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள் மட்டுமே என்பது என் கருத்து. "வேளச்சேரிதான்" என்று நான் எவ்வளவு நயமாகச் சொன்னாலும், "கைவேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்ற ஒரே கேள்வியில் என்னைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள்.

குடியேறி இரண்டு மாதம் ஆனபின், என் மனைவியின் தாய்மாமா கோவில்பட்டியிலிருந்து எங்களைப் பார்க்கப் புறப்பட்டார். பட்ட அனுபவத்தால், இம்முறை வேளச்சேரி என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "மேடவாக்கம் என்று சொல்லுங்கள், தண்ணீர் டேங்க் இருக்கும் தெரு, எழும்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை ரயில் வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"மாப்ள, என்னமோ ஒன்றரை மணி நேரம்னு பயங்காட்டுனீங்க, பத்தே நிமிசத்துல வந்துட்டேன். ஆட்டோக்காரருகிட்ட மேடவாக்கம், டேங்க்குன்னேன், கேள்வியே கேக்காம கொண்டாந்து விட்டுட்டாரு. மேடவாக்கம் டேங்க் ரோடுன்னு போர்டுகூட இருக்கு. டேங்கைத்தான் காணோம்."

மேடவாக்கத்துக்கும் மேடவாக்கம் டேங்க் ரோட்டுக்கும் நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர் சென்னை கிடக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பக்கத்தில் யாரிடமாவது அது எந்தப் பகுதி என்று விசாரிக்கச் சொன்னேன். ஒரு குரல் கீழ்ப்பாக்கம் என்றது. இன்னொரு குரல் குறுக்கிட்டு, இது அயனாவரம் என்றது. முதல் குரல் விடவில்லை. மாமா பையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நின்றுகொண்டிருப்பதாக என்னிடம் சொன்னார்.