பெர்பேத்துவா எழுதியதும் மற்றவர்கள் சேர்த்ததும்

புனிதர் வரலாறுகளில் எனக்கு ஒரு பழைய குறை உண்டு. ஆக்னஸ், லூசியா, ஆகத்தா என்று பெயர்தான் மாறுகிறது, கதை மாறுவதில்லை. பக்தியுள்ள குடும்பம், அழகான கன்னிப்பெண், கொடிய ஆளுநர், அடுக்கடுக்காய்ச் சித்திரவதை, கடைசிவரை மாறாத புன்னகை. இவர்களெல்லாம் பொய்யான மனிதர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய வரலாற்றை எழுதியவர்கள் பல தலைமுறைகள் கழித்து வந்தவர்கள், கையில் இருந்த ஒரே அச்சில் எல்லோரையும் வார்த்துவிட்டார்கள். பெர்பேத்துவா இந்த அச்சில் சிக்காமல் தப்பியதற்குக் காரணம் எளிமையானது. அவர் தன் கதையைத் தானே எழுதினார், அதுவும் சிறையில் இருந்தபடி.

கார்த்தேஜ், ஆண்டு 203. இன்றைய துனிசியாவில் துனிஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் பழைய ஊர், அப்போது ரோமப் பேரரசின் ஆப்பிரிக்க மாகாணத் தலைநகர். விபியா பெர்பேத்துவாவுக்கு வயது ஏறக்குறைய 22, நல்ல குடும்பம், நல்ல படிப்பு, திருமணம் ஆனவர், கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை. இன்னும் திருமுழுக்குப் பெறாமல் கிறிஸ்தவ மறையைக் கற்றுக்கொண்டிருந்த ஒரு சிறு குழுவோடு கைதாகிறார். ரெவொகாத்துஸ், அவரோடு ஒரே வீட்டில் அடிமையாக இருந்த பெலிசித்தா, சாத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் ஆகியோர் மற்றவர்கள். கைதான பிறகுதான் திருமுழுக்கு. இவர்களுக்கு மறை கற்றுக்கொடுத்த சாத்துருஸ் கைது நடந்தபோது அங்கே இல்லை, அப்புறம் தானாகவே போய்ச் சரணடைந்தார்.

இவர்கள் கதையைச் சொல்லும் நூல் மொத்தம் 21 சிறு அதிகாரங்கள். அதில் 3 முதல் 10 வரை பெர்பேத்துவாவின் சொந்த எழுத்து. அடுத்து சாத்துருஸ் கண்ட ஒரு காட்சி, அவர் சொல்லிலேயே. முன்னுரையும் சாவுப் பகுதியும் பெயர் தெரியாத ஒரு தொகுப்பாளருடையவை. ஒரு பெண் தன் கைப்பட எழுதிய கிறிஸ்தவ எழுத்துகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதாக இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, சிறைக்குள் போன பெண் முதலில் என்ன எழுதுகிறார்? இருட்டு. அப்படி ஒரு இருட்டை நான் கண்டதே இல்லை, பயந்துவிட்டேன் என்கிறார். கூட்ட நெரிசலில் புழுக்கம், காவலர்கள் காசு பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையைப் பற்றிய கவலை. டெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் (திருச்சபையின் உதவிப் பணியாளர்கள்) காவலருக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் கொஞ்சம் நல்ல இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறார்கள். ஆமாம், திருச்சபைக்காரர்கள் லஞ்சம் கொடுக்கிறார்கள், அதை ஒரு புனிதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்! அங்கே, பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது, அந்தச் சிறை எனக்கு மாளிகை ஆகிவிட்டது, வேறெங்கும் இருப்பதைவிட அங்கே இருக்கவே விரும்பினேன் என்று எழுதுகிறார்.

இனி அப்பா. எனக்கு இந்த வரலாற்றின் நடுநாயகம் சிங்கமோ ஆளுநரோ இல்லை, இந்த மனிதர்தான். பெயர்கூட நமக்குத் தெரியாது. முதல் தடவை வருகிறார், மனதை மாற்றப் பார்க்கிறார். பெர்பேத்துவா பக்கத்தில் கிடந்த ஒரு குடத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் கூப்பிட முடியுமா, முடியாதே, அப்படித்தான் நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறார். கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோல அப்பா பாய்கிறார், ஆனால் ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறார். அடுத்த தடவை கோபம் இல்லை. என் நரைத்த தலையைப் பார் மகளே என்று கெஞ்சுகிறார், கையை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார், மகளே என்பதை விட்டுவிட்டு அம்மணி என்று கூப்பிடுகிறார். மூன்றாவது தடவை, விசாரணை மேடையில். அந்த மாகாணத்தின் ஆளுநர் இறந்துபோனதால் ஹிலாரியானுஸ் என்ற நிதி அதிகாரி அந்தப் பொறுப்பில் இருக்கிறார். உன் அப்பாவின் நரைக்கு இரங்கு, பிள்ளையின் பச்சைப் பருவத்துக்கு இரங்கு, பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி செலுத்து என்கிறார். மாட்டேன். நீ கிறிஸ்தவளா? ஆம், கிறிஸ்தவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா இன்னும் விடாமல் மன்றாட, அவரைக் கீழே தள்ளிக் கோலால் அடிக்கச் சொல்கிறார் ஹிலாரியானுஸ். அந்த அடி என்மேல் விழுந்ததுபோல வலித்தது, அவருடைய பரிதாபமான முதுமையை எண்ணி வருந்தினேன் என்று மகள் எழுதுகிறார்.

மறையுரைகளில் இந்த அப்பா பெரும்பாலும் சோதனைக்காரனாகத்தான் வருவார். பெர்பேத்துவாவே முதல் சந்திப்பில் அவருடைய வாதங்களைச் சாத்தானின் வாதங்கள் என்றுதான் சொல்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பெண்தான் கடைசிச் சந்திப்பில் அவர் தாடியைப் பிய்த்துத் தரையில் எறிந்து குப்புற விழுந்து அழுததையும் எழுதினார். பாதிக்கப்பட்டவரின் பார்வையில் நடந்ததை எழுதும்போது எதிர்த்தரப்புக்கு இவ்வளவு இடம் கொடுத்த வேறொரு மறைசாட்சி (நம்பிக்கைக்காக உயிர் விட்டவர்) வரலாறு என் நினைவில் இல்லை. இந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம் கொஞ்சம் சாய்ந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு: விலங்குகளுக்கு இரை. அதன்பின் அப்பா குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். குழந்தை அதற்குப் பிறகு பால் கேட்கவில்லை, என் மார்பிலும் பால் கட்டி வேதனை வரவில்லை, இது கடவுளின் செயல் என்று எழுதுகிறார் தாய். எத்தனையோ புனிதர் வரலாறுகளில் செத்தவர் எழுந்திருக்கிறார், வெட்டிய தலை பேசுகிறது. இங்கே புதுமை இவ்வளவுதான், அதனாலேயே எனக்கு நம்பத் தோன்றுகிறது.

கனவுகளும் உண்டு. வாளும் ஈட்டியும் கொக்கியும் இரு பக்கமும் பதித்த ஒடுங்கிய வெண்கல ஏணி, அடியில் ஒரு பாம்பரக்கன். அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறிப் போனால் மேலே நரைத்த தலையோடு ஒரு மேய்ப்பர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார், ஒரு வாய் பாற்கட்டி தருகிறார், விழித்தபோது வாயில் இனிப்பு இருந்தது. இன்னொன்றில், முகத்தில் புற்று வந்து ஏழு வயதில் இறந்துபோன தம்பி தினோக்ராத்தெஸ் தாகத்தோடு நிற்கிறான், தொட்டி எட்டவில்லை. அவனுக்காகச் சில நாள் ஜெபித்தபின் மறுபடி பார்க்கும்போது தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது, குடித்துவிட்டு விளையாடப் போகிறான். கடைசிக் கனவில் அரங்கத்தில் ஓர் எகிப்தியனோடு மல்யுத்தம், அங்கே தான் ஆணாக மாறியதாகவே எழுதுகிறார். அதோடு, போட்டிக்கு முந்திய நாள்வரை நடந்தது இது, போட்டியில் நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று முடித்துவிடுகிறார்.

எழுதினார்கள். பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி, கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றச் சட்டம் இடம் தராது, அதனால் தன் தோழர்களோடு சாக முடியாமல் போகுமோ என்பதுதான் அவருடைய கவலை. எல்லோரும் ஜெபிக்கிறார்கள், வலி எடுக்கிறது. வலியில் முனகும்போது ஒரு சிறைச் சேவகன் கேலி செய்கிறான், இதற்கே இப்படி என்றால் விலங்குகள் முன் என்ன செய்வாய் என்று. இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் இருக்கும் இன்னொருவர் எனக்காகப் படுவார் என்கிறார் பெலிசித்தா. பெண் குழந்தை. அதை ஒரு கிறிஸ்தவச் சகோதரி தன் மகளாக வளர்த்தார் என்ற ஒரு வரியோடு சரி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்களில் இருவரும் தோள் சேர்த்து நிற்பார்கள், எஜமானியும் அடிமையும் தோழிகளானார்கள் என்று கதை சொல்வார்கள். பெலிசித்தா பெர்பேத்துவாவின் அடிமை என்று மூல நூலில் எங்கும் இல்லை. அதைவிட முக்கியமானது, பெர்பேத்துவா எழுதிய பகுதியில் பெலிசித்தாவின் பெயரே வருவதில்லை. தம்பி வருகிறான், திருத்தொண்டர்கள் வருகிறார்கள், நல்ல மனம் கொண்ட சிறை அதிகாரி புதென்ஸ்கூட வருகிறார். அடிமைப்பெண் வருவதில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அனைத்தும் தொகுப்பாளர் சொன்னது.

மார்ச் 7, இளவரசர் கேத்தாவின் பிறந்தநாளுக்கான படைமுகாம் விளையாட்டுகள். (இந்தக் கேத்தாவை 211-இல் சொந்த அண்ணன் கரகல்லா கொல்வித்து, கல்வெட்டுகளில் இருந்தெல்லாம் பெயரைச் சுரண்டி எடுக்க வைத்தான். இந்த நூலில் பெயர் பிழைத்திருப்பதால் இது அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு.) ஆண்களுக்குச் சாத்துர்ன் கடவுளின் பூசாரி வேடம், பெண்களுக்குச் செரெஸ் தேவதையின் பூசாரிணி வேடம் போடச் சொன்னார்கள். பெர்பேத்துவா ஒரே பிடியாய் மறுத்ததில் படைத்தலைவர் விட்டுக்கொடுத்துவிட்டார். பெண்களுக்கென்று ஒரு மூர்க்கமான பசுவைத் தயார் செய்திருந்தார்கள். வலையை மட்டும் போர்த்திக் கொண்டுவந்தபோது, ஒருவர் இளம்பெண், இன்னொருவர் மார்பில் பால் சொட்டும் பிள்ளை பெற்றவர் என்று பார்த்த கூட்டமே கூசியது. திரும்ப அழைத்துப்போய் உடை கொடுத்தார்கள். பசு முட்டித் தூக்கி எறிந்ததும் பெர்பேத்துவா கிழிந்த உடையைத் தொடைமேல் இழுத்துவிட்டு, கூந்தல் ஊசியைத் தேடி எடுத்து முடியைச் செருகிக்கொள்கிறார், விரித்த கூந்தல் துக்கத்தின் அடையாளம் என்பதால். அப்புறம் விழுந்து கிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்குகிறார். சாத்துருஸை ஒரு சிறுத்தை ஒரே கடியில் இரத்தத்தில் முக்கியெடுக்க, கூட்டம், குளித்தது நலமா என்று குளியலறை முகமன் சொல்லிக் கத்துகிறது. கடைசியில் வாள். வீரன் புதியவன், முதல் வெட்டு எலும்பில் பட்டது, நடுங்கிய அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தார் பெர்பேத்துவா.

பிறகு வந்தவர்களுக்கு இது போதவில்லை. கோவிலில் வாசிக்க வசதியாக ஒரு சுருக்கப் பதிப்பு உருவானது. மூலத்தில் தலையே காட்டாத கணவன் அதில் குடும்பத்தோடு வந்து நிற்கிறான். பெர்பேத்துவா குழந்தையைத் தள்ளி எறிந்து, அக்கிரமம் செய்வோரே அகன்று போங்கள் என்று எல்லோரையும் விரட்டுகிறார். பால் கட்டுமோ என்று கவலைப்பட்ட தாயை இப்படி ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஹிப்போ நகர ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார் விழா நாளில் இவர்களைப் பற்றி அருமையாக மறையுரை ஆற்றியவர், ஆனால் திருமுழுக்குப் பெறாத குழந்தையும் மீட்படையும் என்று ஒருவர் தினோக்ராத்தெஸைச் சாட்சிக்கு இழுத்ததும், அந்த நூல் மறைநூல் அல்ல, பையன் திருமுழுக்குப் பெற்றிருக்கலாம், பின்னால் அப்பா அவனைச் சிலை வழிபாட்டுக்கு இழுத்திருக்கலாம் என்று பதில் எழுதினார். பாவம், அந்த அப்பா தலையில் இதுவும் விழுந்தது.

மூல நூலின் இலத்தீன் வடிவம் 17-ஆம் நூற்றாண்டில் மோன்தே கசீனோ மடத்துக் கையெழுத்துப் பிரதியில் இருந்து கண்டெடுக்கப்பட்டு வெளிவந்தது, கிரேக்க வடிவம் 1889-இல் எருசலேமில் கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கலாம். மார்ச் 7 பெரும்பாலும் தவக்காலத்தில் வருவதால் இவர்கள் நினைவு சத்தமில்லாமல் போய்விடுகிறது. அன்று மறையுரை வைக்கும் சாமியார் யாராவது இதைப் படித்தால், சுருக்கப் பதிப்பை விட்டுவிட்டு மூன்றாம் அதிகாரத்தில் இருந்து தொடங்குங்கள். தொகுப்பாளரின் முன்னுரை கொஞ்சம் அலுப்பு, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.