மழைக்கணக்கில் மரங்கள்

10 பிப்ரவரி 2024, செஞ்சி

மாசி பிறக்கச் சில நாட்களே இருக்கும் இவ்வேளையில், செஞ்சியை அடுத்த பாறைக் குன்றுகளில் தணக்கு மரங்கள் ஓர் இலையும் இல்லாமல் நிற்கின்றன. அவற்றின் வழுவழுப்பான சாம்பல் வெள்ளைப் பட்டை காலை வெயிலில் பாறையைவிட வெளிச்சமாகத் தெரிவதால், காட்சி முழுவதற்கும் கேமரா கணித்துத் தரும் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஏற்காமல், பட்டையின் வெளிச்சத்தை மட்டும் அளந்து படம் எடுத்தேன். அவ்வாறு செய்யாவிட்டால் பட்டையின் நுண்ணிய வரிகள் வெளுத்து மறைந்துவிடும். கிளை நுனிகளில் இரண்டு நீண்ட சிறகுகளோடு காய்கள் தொங்குகின்றன. காற்று வீசியபோது ஒன்றிரண்டு கழன்று, சுழன்று சுழன்று வெகுதூரம் போய் விழுந்தன.

இலையுதிர்வு என்றவுடன் குளிர்நாட்டுச் செம்மஞ்சள் காடுகளையே நினைப்பது ஒளிப்படம் எடுப்போரிடம் வேரூன்றிய பழக்கமாகிவிட்டது. நம் வறண்ட காடுகளில் மரம் இலையை உதிர்ப்பதற்குக் குளிர் காரணமன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணின் ஈரம் வற்றத் தொடங்கும்போது, இலைவழியே நீர் வீணாவதை நிறுத்தவே அது உதிர்க்கிறது. எனவே இந்த ஆண்டு பூக்களைத் துரத்தாமல், மழையின் கணக்கை வைத்தே மரங்களைத் தேடிச் செல்வதென்று தீர்மானித்திருக்கிறேன்.

24 மார்ச் 2024, சென்னை

பங்குனி வெயிலில் தெருவோரப் புங்கைகள் பழைய இலைகளை உதிர்த்து, சில நாட்களுக்குள்ளேயே எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் இளம்பச்சைத் துளிர்களால் நிறைந்துவிட்டன. கோடை மழை இன்னும் வரவில்லை. இலைகள் உதிர்ந்தபின் நீரிழப்பு நின்றுபோவதால் தண்டில் நீர் மீண்டும் சேர்கிறது. ஆழமாகச் சென்ற வேர்களின் உதவியோடு மரம் மழைக்கு முன்பே தளிர்த்துவிடுகிறது. இந்தப் பச்சையை வெயில் முகத்தில் நின்று எடுத்தால் இலைப்பரப்பின் பளபளப்பு நிறத்தைத் தின்றுவிடும். சூரியனை மரத்துக்குப் பின்னால் விட்டு, ஒளி இலையை ஊடுருவி வரும்படி நின்றால் நரம்புகள்வரை தெரியும். பக்கவாட்டு ஒளியில் எடுக்க நேர்ந்தால் போலரைசர் வடிகட்டியைத் திருப்பிப் பளபளப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

5 மே 2024, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி

இரும்புத் தாது கலந்து சிவந்த மணல்மேடுகளுக்கு இடையே பனைகளும், குடை விரித்தாற்போல் உச்சி தட்டையான உடைமரங்களும் நிற்கும் இந்த நிலம், தமிழ்நாட்டில் மரம் பார்ப்பதற்கு ஏற்ற இடங்களுள் முதன்மையானது என்பது என் உறுதியான எண்ணம். பதநீர்க் காலம் என்பதால் பொழுது புலருமுன்பே பனையேறிகள் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கிய பெரியவரிடம், "படம் எடுத்துக்கிடலாமா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "தாராளமா எடுங்க. ஆனா இப்படிக் கீழ நின்னு எடுத்தா பனை குட்டையால்லா தெரியும்? அந்தத் தேரி மேட்டுல போயி நின்னு எடுங்க" என்றார்.

கேமரா பிடிக்காத ஒருவர் சொன்ன அந்தச் சொல்லில் மரப் படத்தின் அடிப்படை இருக்கிறது. அடியில் நின்று, அகலமான காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸை அண்ணாந்து பிடித்தால் தண்டு மேலே குறுகிக் குவியும், உச்சியின் ஓலைக்கொண்டை சிறுத்துப்போகும். மேட்டிலிருந்து, மரத்தின் நடு உயரத்துக்கு நேராக, தொலைவில் உள்ளதை அருகே காட்டும் டெலி லென்ஸை வைத்து எடுத்தபோது கரிய தண்டு முழு நேராகவும், அதில் ஏறும் மனிதரின் உருவம் அதன் உயரத்துக்கு அளவுகோலாகவும் அமைந்தன. 1978 முதல் பனை இம்மாநிலத்தின் மரம்; ஆனால் ஏறும் கைகள் குறைந்துகொண்டே வருவதால், பனையை மட்டும் தனியே எடுத்துச் செல்வது எனக்குப் பாதிப் படமாகவே படுகிறது.

7 ஜூலை 2024, கோத்தகிரி

தென்மேற்குப் பருவமழையின் சாரலில் லாங்வுட் சோலை மூழ்கியிருக்கிறது. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை இவ்வாண்டின் தொடக்கத்தில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மூடுபனியின் வெண்மையைக் கண்டு கேமரா படத்தைச் சாம்பலாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, ஒளியை இருமடங்காக்கி வைத்தேன். பாசியும் கற்பாசியும் போர்த்த முறுக்கிய தண்டுகளில் இங்கே இலையில்லாப் பருவம் என்று ஒன்று இல்லை.

16 நவம்பர் 2024, பேராவூரணி

2018-இல் இதே நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், இப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. இன்று தோப்புகளில் இரு தலைமுறைகள் தெரிகின்றன: புயலுக்குப் பின் நட்டு ஒரே உயரத்தில் வளர்ந்த இளங்கன்றுகள், அவற்றிடையே சாய்ந்தும் சாகாமல், நுனியை மீண்டும் வானத்தை நோக்கித் திருப்பிக்கொண்ட பழைய மரங்கள். தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடுகிறது. விழும் ஒவ்வொரு மட்டையும் தண்டில் ஒரு வடுவை விட்டுச் செல்கிறது. ஆகவே வளைவுக்கு மேலுள்ள வடுக்களே புயலுக்குப் பின் கழிந்த காலத்தின் பதிவாகின்றன. மழையில் நனைந்து தண்டு கறுத்திருந்ததால் வடுக்கள் துலக்கமாகத் தெரிந்தன. முழு மரத்தையும் விட்டுவிட்டு அந்த வளைவை மட்டுமே சட்டகத்துக்குள் வைத்தேன். அதை எடுக்கும்போது மனம் கனத்தது. நட்டு வளர்த்தவர்களின் இழப்பு அந்த வளைவில் அடங்கியிருக்கிறது.

26 ஜனவரி 2025, தரங்கம்பாடி

கடலோர வாதுமை மரங்களில் பெரிய இலைகள் செம்பு நிறமாகவும் கருஞ்சிவப்பாகவும் மாறி உதிர்கின்றன. பச்சையம் சிதைந்து மறைய, சிவப்பு நிறமிகள் மேலோங்கி நிற்பதே இதற்குக் காரணம். மழை ஓய்ந்த தை மாதத்தில் நடக்கும் இந்த மாற்றத்தைப் பலர் தூசு படிந்த தெருமரம் என்று கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேகமூட்டத்தின் மென்மையான ஒளியில் எடுத்த படங்கள் நன்றாக வந்துள்ளன. இனிப் பதிவிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் மரத்தின் பெயர், ஊர், தமிழ் மாதம் ஆகியவற்றோடு, அவ்வூரில் கடைசியாக மழை பெய்த நாளையும் விசாரித்து எழுதுவேன்.